ட்ரையரில் போட்ட விதை

எதையும் தேயிலை காயவைக்கும் ட்ரையரில் போட்டு எடுத்தால் அது உயர்ந்த சரக்காகிவிடும் என்று ஊசிக்கல் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதில் பாதி நியாயமும் உண்டு. இன்று பச்சை இலையாக, தேயிலை ஆலையான ஸ்டோருக்குள் போவது, நாளை லண்டனுக்குப் போகிற தேயிலையாக வெளியே வருகிறது. மழைக்காலத்தில், ஆலையைப் பார்க்கும் டீமேக்கரின் காலுறைகள் அங்கேதான் காய்ந்தன. கோயில் திருநீறு நமுத்துப்போனால் அதுவும் ட்ரையருக்குப் போய்த் திரும்பும். ஆகவே, அறுபத்திரண்டாம் வருஷம், கடைகளில் செத்தல் மிளகாய் கிடைக்காமல் போய், லயத்தின் ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களில் மிளகாய் போட வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் பெரிய துரை சொன்னபோது, டிவிசனில் வேலை வாங்கும் கண்டாக்கு செல்லசாமி விதையையும் ட்ரையரில் போட்டு எடுத்ததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

போட்டது மட்டுமா? சல்லடையில் சலித்துத் தரமும் பிரித்தார். மூன்றாம் தரம் லயத்துக்கு. இரண்டாம் தரம் ஸ்டாஃப் வீடுகளுக்கு. முதல் தரம், தடித்த விதை, அவருடைய சொந்த வீட்டுக்கு. முதல் தரம் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு தடவை சூடு காட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலை பிரிக்கும் பெரட்டில், பனிக்குள் நின்ற ஆட்களுக்கு முன்னால் செல்லசாமி ஏறி நின்றார். நெற்றியில் மூன்று பட்டை. கோயிலில் முதல் மாலை அவருக்குத்தான் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் அவர் கொஞ்சம் உயரமாகவே தெரிவார்.

"இது சும்மா வெத இல்ல. ட்ரையர்ல ஃபயர் பண்ணின வெத," என்றார். "ஆறு வாரத்துல தோட்டம் பாக்க விசிட்டிங் தொரை வாறாரு. காம்பராவுக்கு நாலு கன்னு, நாலு எலையோட நிக்கணும். நாலு கன்னு வளக்கத் தெரியாதவனுக்குத் தோட்டத் துண்டு எதுக்கு? துண்டத் திருப்பி எடுத்துருவேன். அம்புட்டுதான்."

பெரட்டுக் களம் இருமியது. சம்மதம் என்பதற்கு அந்தக் குளிரில் அதுதான் அடையாளம்.

மறுநாள் மாலை, கடைசிக் காம்பராவான இருபத்துநான்காம் நம்பருக்குப் பின்னால் இருந்த காய்கறித் துண்டின் நாலு மூலையிலும் நாலு குச்சிகள் நின்றன. நுனியில் வெள்ளைச் சுண்ணாம்பு.

அந்தத் துண்டு அம்மாக்கண்ணுவுடையது. சரியாகச் சொன்னால் அவள் புருஷன் வீரய்யாவுடையது. அங்கே முன்பு வெறும் பாறைதான் இருந்தது. பள்ளத்திலிருந்து சாக்குச் சாக்காக மண் சுமந்து, கல் அடுக்கி, பதினொரு வருஷத்தில் அவன் அதை நிலமாக்கியிருந்தான். போன வருஷம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி அவன் காலில் இறங்கியதிலிருந்து மலைக்கு வேலைக்குப் போவதில்லை. வருஷத்தில் ஆறு மாதம் அந்த வீட்டு அடுப்பில் வேகிறது அந்தத் துண்டில் விளைகிற போஞ்சியும் கிழங்கும்தான். அது போனால் ஒருத்தி சம்பளத்தில் இரண்டு வயிறு.

"என்னாத்துக்குங்க ஐயா குச்சி?" என்று வீரய்யா கேட்டான்.

"சும்மா அளவு பாக்கத்தான்," என்றார் செல்லசாமி. அவருக்குப் பின்னால் அவருடைய சீமைப் பசு நின்றுகொண்டு, வீரய்யாவின் நிலத்தைப் புல்லாக மனதில் அளந்துகொண்டிருந்தது.

அம்மாக்கண்ணு விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள்.

"ஏங்க, மொளகா வெதையில தேயில வாசம் அடிக்குது."

"ஃபயர் பண்ணினதுன்னாருல்ல?"

அவள் ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். வறுத்த எள் மாதிரி நொறுங்கியது. மற்றதை நாலு சிரட்டை மண்ணில் போட்டு, தண்ணீர் தெளித்து, கூரையோரம் வெயில் படுகிற இடத்தில் வைத்தாள். போட்டாயிற்று என்று கங்காணி எழுதிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. இருபத்துநாலு காம்பராவிலும் மண்தான் இருந்தது. குளிர் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். பக்கத்துக் காம்பரா வேலாயி, விதைக்கிறபோது யாரோ தும்மியதாகச் சொல்லி, அது யார் என்று மூன்று நாள் சண்டை போட்டாள். செல்லசாமி வந்து பார்த்து, "தண்ணி கூடிப்போச்சு" என்றார். நாலு நாள் கழித்து வந்து, "தண்ணி காணாது" என்றார். விதை செத்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கண்டாக்கையா கொடுத்த விதை எப்படிச் சாகும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு உடப்புசல்லாவை டவுன் கடைவீதிக்கு நடந்தாள். பாவா கடையின் பின்கட்டில், அவர் மனைவி கமறியா தகரங்களில் வளர்க்கும் மிளகாய்ச் செடிகள் அவளுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

கமறியா விஷயத்தைக் கேட்டுவிட்டு முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "அல்லாவே! வெதைய வறுத்தா குடுத்தாங்க? அடுத்த தடவ தாளிச்சும் குடுப்பாங்க, கறிவேப்பிலையோட."

"சிரிக்காதீங்கம்மா. குச்சி நட்டுட்டாங்க."

கமறியாவின் சிரிப்பு நின்றது. செடியோடு பழுத்துச் சிவந்து நின்ற ஏழு பழங்களைப் பறித்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "குளுருல மண்ணுல போட்டா மாசம் ஆகும் புள்ள. ஈரத்துணியில முடிஞ்சு சூட்டோட வச்சுக்க. வெதைக்கு அடுப்புச் சூடு ஆகாது. ஒடம்புச் சூடுதான் வேணும்."

உடம்புச் சூடு அம்மாக்கண்ணுவிடம் இருந்தது. வேறு அதிகம் ஒன்றும் இல்லை. விதையை ஈரத்துணியில் முடிந்து, இடுப்பில் வைத்துச் சேலையால் இறுக்கி, அதற்கு மேலே கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். குனிந்தால் முடிச்சு விலாவில் குத்தியது. இராத்திரி புரண்டு படுக்கப் பயந்தாள். விசிட்டிங் துரை வர இருபத்தெட்டு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், தராசுக்குப் பக்கத்தில் செல்லசாமி நின்றிருந்தார். அம்மாக்கண்ணு கூடையை இறக்கக் குனிந்தபோது அவர் கண் அவள் இடுப்பில் நின்றது.

"இடுப்புல என்னா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"ஒண்ணுமில்லாமலா உப்பி நிக்குது? கல்லு வச்சிருக்கியா? கொழுந்துக்குள்ள போட்டு நிறுத்துக் காட்டவா?"

வரிசை அப்படியே நின்றது. கல் வைத்து நிறுத்தாள் என்று எழுதினால் வேலை போகும். துணியை அவிழ்த்தால் விதை வெளியே வரும். தோட்டம் கொடுத்த விதையை நம்பாமல் வேறு விதை தேடினாள் என்றாகும். அதற்குப் பெயர் வேறு, தண்டனை அதே. அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். ஈரம் விரலில் பட்டது.

"ஒத்தடங்க ஐயா."

"அவுத்துக் காட்டு."

"காட்டுறேங்க." அவள் படங்கின் முடிச்சில் விரலை வைத்தாள். "பொம்பள நோவுக்குக் கட்டுனது. அவுத்ததைப் பாத்தா நீங்க தலையோட முழுகிட்டுத்தான் வூட்டுக்குள்ள போகணும். வெள்ளிக்கெழம வேற. கோயில்ல மொத மால உங்களுக்குத்தானே, அதான் சொல்றேன்."

செல்லசாமியின் கால் தானாகவே ஓரடி பின்னுக்குப் போனது. அந்தக் குளிரில் தலை முழுகுவதும் கஷ்டம். முழுகாமல் மாலை வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

"சரி சரி, கட்டு, கட்டு. நிறுத்துட்டுப் போ," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

வரிசையில் பின்னால் நின்ற வேலாயி மட்டும், அம்மாக்கண்ணு படங்கின் முடிச்சை இன்னும் இறுக்குவதைக் கவனித்தாள்.

ஏழாம் நாள் துணியைப் பிரித்தபோது, விதைகள் வாய் பிளந்து, நூல்நுனி போல வெள்ளையாக எட்டிப் பார்த்தன. சாம்பலும் மண்ணும் கலந்து, நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் புதைத்தாள். ஆட்கள் மலைக்குப் போன பிறகு வீரய்யா அந்தத் தகரத்தை லயத்துக்குப் பின்னால் தூக்கிவந்து, வெயில் நகர நகரத் தானும் நொண்டிக்கொண்டு நகர்த்துவான். கண்டாக்கின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் தலை வைத்துத் தூங்குவது போலக் கிடப்பான். ஒரு நாள் செல்லசாமி அவன் தலைமாட்டில் நின்று, "கால்லதானே வெட்டு? கண்ணுலயுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீரய்யா குறட்டை விட்டு மறுமொழி சொன்னான்.

வேலாயி ஒரு மாலை அடுப்புக்கு நெருப்பெடுக்க வந்தவள், இரவுக்குப் பரணில் ஏற்றி வைத்திருந்த தகரத்தைப் பார்த்துவிட்டாள்.

"அடி கள்ளி! இதுதான் ஒன் பொம்பள நோவா?"

"மெதுவாப் பேசு."

வேலாயி தகரத்தை இறக்கிப் பார்த்தாள். பச்சையாய் இரண்டிரண்டு இலை. அவள் முகத்தில் வந்த சந்தோஷம் நடுவழியில் நின்றுவிட்டது.

"ஏன்டி, ஒன்னுது மட்டும் மொளச்சா எங்க கதி என்னாகும்? அதே வெத, அதே மண்ணு, நீங்கதான்டி சோம்பேறிங்கன்னு சொல்லிப்புடுவான். இருபத்துமூணு துண்டும் போயிரும். நீ ஒருத்தி நல்ல பேரு வாங்குவ."

அம்மாக்கண்ணு இதை நாலு நாளாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப வெத செத்த வெதைன்னு போயிச் சொல்லு. நீ சொல்றியா?"

"நானா?" வேலாயி நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு புள்ளங்க இருக்கு."

"எண்ணிப் பாத்துட்டேன். நூத்துநாலு இருக்கு. வூட்டுக்கு நாலுன்னா தொண்ணூத்தாறு. எல்லாத்துக்கும் காணும். கடைசி நாள் வரைக்கும் வாயத் தொறக்காம இரு. ஒனக்கு அதுதான் கஷ்டம்."

வேலாயி வாயைத் திறக்கவில்லை. அது அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம். ஆனால் அவளிடம் ஒரு கோழி இருந்தது.

திங்கட்கிழமை விசிட்டிங் துரை வருகிறார். சனிக்கிழமை நடுப்பகலில், வீரய்யா பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள், வேலாயியின் கோழி சாக்கைத் தள்ளிவிட்டுத் தகரத்துக்குள் ஏறியது. கொத்தியது, கிளறியது, பிறகு கொக்கரித்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. அம்மாக்கண்ணு வேலை முடிந்து வந்தபோது வீரய்யா தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மிஞ்சியதை மூன்று தடவை எண்ணியிருந்தான். மூன்று தடவையும் தொண்ணூற்றுமூன்றுதான் வந்தது.

வேலாயி அரிவாளைத் தூக்கிக்கொண்டு கோழியைத் துரத்தினாள்.

"விடு," என்றாள் அம்மாக்கண்ணு. "கோழிய அறுத்தாக் கன்னு திரும்பி வருமா?"

"மூணு கொறையுதேடி."

"மூணு வூட்டுல ஒண்ணொண்ணு கொறஞ்சா மூணு துண்டு போகும். ஒரு வூட்டுல மூணு கொறஞ்சா ஒரு துண்டுதான் போகும்."

வேலாயி எந்த வீடு என்று கேட்கவில்லை. அரிவாளைக் கீழே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த லயத்தில் எல்லோருடைய அடுப்பும் அணைந்துவிட்டது போலிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக இருபத்துநான்காம் நம்பருக்கு நெருப்பெடுக்க வந்தார்கள். நெருப்புச் சட்டியில் நாலு கன்று போனது. மாலைக்குள் இருபத்துமூன்று வீட்டுச் சிரட்டைகளிலும் செத்த விதைக்கு மேலே உயிருள்ள கன்றுகள் நின்றன. தகரத்தில் மிஞ்சிய ஒன்றை அம்மாக்கண்ணு தன் சிரட்டையில் நட்டாள்.

"நமக்கு ஒண்ணா?" என்றான் வீரய்யா.

"ஒண்ணு."

அவன் வெளியே போனான். தான் அடுக்கிய கல்வரம்பில் உட்கார்ந்து, நாலு குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டும் சோறு தின்ன வரவில்லை.

திங்கட்கிழமை செல்லசாமி கோட்டு போட்டு, தொப்பி வைத்து, மூன்று நாள் தூங்காத கண்களோடு வந்தார். வியாழக்கிழமைதான் லயம் முழுக்கப் பார்த்திருந்தார். ஒரு சிரட்டையிலும் ஒன்றுமில்லை. அதைவிட மோசம், இரண்டு தடவை சூடு காட்டிய முதல் தரத்தைப் போட்ட அவருடைய வீட்டிலும் ஒன்றுமில்லை. விசிட்டிங் துரைக்கு என்ன சொல்வது என்று இங்கிலீஷில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தார். நாலும் மழையைப் பற்றியது.

முதல் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில், நாலு இலையோடு நாலு கன்றுகள். இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் நாலு. செல்லசாமியின் நெஞ்சு கோட்டுப் பொத்தானை இழுத்துக்கொண்டு விரிந்தது. ஐந்தாம் காம்பராவுக்குள் மழை வாக்கியங்களை மறந்தார். பத்தாம் காம்பராவில், "ஃபயர்ட் சீட், சார். மை மெதட்," என்றார். இருபதாம் காம்பராவில் அவர், தானே முளைத்து வந்தவர் போலிருந்தார்.

விசிட்டிங் துரை நெட்டை மனிதர். முப்பது வருஷம் தேயிலைக்குள் இருந்து கற்ற தமிழ் பேசுவார். "நல்லது. ரொம்ப நல்லது," என்று தடியால் சிரட்டைகளைத் தொட்டுக்கொண்டே கடைசிக் காம்பராவுக்கு வந்தார்.

அங்கே நாலு சிரட்டை. ஒன்றில் ஒரே ஒரு கன்று.

"ஒன் ஒன்லி, சார்," என்றார் செல்லசாமி. குரலில் வருத்தம் இருந்தது, கண்ணில் பசு இருந்தது. "இவ காம்பராவுக்குப் பின்னால பெரிய துண்டு இருக்கு. கவனிப்பு இல்ல. அதே வெத, அதே மண்ணு."

துரை அம்மாக்கண்ணுவைப் பார்த்தார். "ஏன் ஒண்ணு?"

வேலாயி வாயைத் திறந்தாள். அம்மாக்கண்ணு அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இருபத்துமூன்று வீட்டுத் துண்டும் போகும். சும்மா நின்றால் இந்த வீட்டுத் துண்டு போகும்.

"எங் கையில ராசி இல்லீங்க தொரை," என்றாள். "கண்டாக்கையா வூட்டுல நல்லா வந்திருக்கும். லயத்துக்குக் குடுத்தது மூணாஞ் சல்லட. ஐயா வூட்டுக்கு மொதச் சல்லட. அதுக்கு ரெண்டு தரம் சூடு காட்டுனாங்க."

"அப்படியா?" துரையின் புருவம் ஏறியது. "பாக்கணும்."

"சார், பங்களாவுல டீ ஆறிப்போகும்…"

"டீ போதும். தோட்டத்தில எப்பவும் டீதான். மொளகா பாக்கணும்."

செல்லசாமி வீட்டு வாசலில் நாற்பது பூந்தொட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சாயம். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: நம்பர், தரம், விதைத்த தேதி. உள்ளே மண், இழைத்த பலகை போலச் சமமாக இருந்தது.

துரை முதல் வரிசையை நடந்து முடித்தார். இரண்டாவது வரிசையை நடந்து முடித்தார். "ஒண்ணும் இல்ல?"

விதை செத்தது என்று செல்லசாமியால் சொல்ல முடியாது. அதே விதையில் தொண்ணூற்றுமூன்று கன்றுகளை இப்போதுதான் தன்னுடையதென்று காட்டிவிட்டு வந்திருக்கிறார். கவனிப்பு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சட்டம் போட்டிருக்கிறார். அவர் கண்கள் உதவிக்கு யாரையோ தேடின. கொட்டிலுக்குள்ளிருந்து சீமைப் பசு எட்டிப் பார்த்தது.

"மாடு, சார்," என்றார். "மாடு தின்னுருச்சு."

துரை குனிந்து மண்ணைப் பார்த்தார். ஒரு குளம்படி இல்லை, ஒரு தண்டு இல்லை. பிறகு செல்லசாமியை வெகுநேரம் பார்த்தார்.

"மோசமான மாடு," என்றார். "ஒரு மாசத்தில தோட்டத்த விட்டு அனுப்பு. அப்புறம், இந்த ஃபயர் பண்ணின வெத நூறு பொட்டலம். மத்த டிவிசனுக்கும் வேணும். மாசக் கடைசிக்குள்ள."

அவர் போன பிறகும் செல்லசாமி தொட்டிகளுக்கு நடுவே நின்றார். விதைத்த தேதியும் தரமும் எழுதிய நாற்பது அட்டைகள் அவரைச் சுற்றி, கல்லறைக் கல் நட்டது போல நின்றன.

நூறு பொட்டலம். குச்சிகளைப் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு அதுதான் நெஞ்சில் இருந்தது. பசு போனாலும் வஞ்சம் போகாது. தினமும் வேலைவிட்டு வந்ததும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்ப்பாள். குச்சிகள் அப்படியே நிற்கும்.

நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரம், செல்லசாமி லயத்தின் பின்பக்கமாக வந்தார். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. அந்த வழியாக அவர் வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"அம்மாக்கண்ணு."

"ஐயா."

"அன்னிக்கு ஒரு ஒத்தடம் கட்டியிருந்தியே…" அவர் இருமினார். "சொகமாயிருச்சா?"

"சொகங்க ஐயா. எல்லாத்துக்கும் சொகம்."

"அதே ஒத்தடம், இன்னும் ஒரு நூறு பேருக்கு வேணும்."

"எடுத்துத் தரலாங்க. பழுத்த மொளகா கெடைக்கிற எடம் தெரியும்."

"ஆனா ஃபயர் பண்ணணும். தொரை ஃபயர் பண்ணினதத்தான் கேட்டாரு. வாசம் இல்லேன்னா கண்டுபுடிச்சுருவாரு."

அம்மாக்கண்ணு கொஞ்சம் யோசித்தாள். "வெறும் தாள ட்ரையர்ல போட்டு எடுங்க ஐயா. வெதைய அப்புறம் உள்ள வச்சு மடிச்சுக்கலாம்."

செல்லசாமியின் முகத்தில், நாலு நாளைக்குப் பிறகு, ஒரு அதிகாரியின் களை வந்தது. "நானும் அதத்தான் நெனச்சேன்," என்றார்.

"ஒரு பேச்சுங்க ஐயா." அவள் வாசலை விட்டு நகரவில்லை. "அந்தக் குச்சிங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். லயத்துப் பின்வாசல்கள் எல்லாம் திறந்திருந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் எங்கும் கேட்கவில்லை.

"ஆள அனுப்பி எடுக்கச் சொல்றேன்."

"நட்டது நீங்கதானுங்களே."

செல்லசாமி வேட்டியைத் தூக்கிக் கட்டினார். முதல் குச்சியைப் பிடுங்கினார். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நாலாவது குச்சி மழையில் இறுகியிருந்தது. காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

கல்வரம்பில் உட்கார்ந்திருந்த வீரய்யா, தன் நொண்டிக் காலை நீட்டி, மண்ணில் ஓரிடத்தைக் காட்டினான்.

"ஐயா, பாத்துங்க. அந்த ஒத்தக் கன்ன அங்கதான் மாத்தி நட்டிருக்கு. மிதிச்சுராதீங்க."